எந்தப் பக்கத்துக் கதை? பேச்சு வழக்கையும் படிப்பையும் பற்றித் திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில், திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலை நகரத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது மூதூரைச் சுற்றிய கொட்டியாரப் பக்கம். இத்தனை காலத்தில் பெற்றோரும் மாணவரும் சக ஆசிரியர்களும் பேச்சு வழக்கைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். யார் கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டேன்.

ரீச்சர், ஒருவர் வாய் திறந்தாலே எவ்வளவு படித்தவர் என்று தெரிந்துவிடும்தானே?

தெரியாது. அவர் எங்கே வளர்ந்தார், யாரோடு விளையாடினார், வீட்டில் யார் அவரோடு கூடக் கதைத்தார்கள் என்பதுதான் தெரியும். பேச்சின் ஒலி நாக்கில் படிவது பள்ளிக்கூடம் போவதற்கு முன்னரே. ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் வந்து இருக்கும்போது 'இரிக்கு' என்பதா 'இருக்கு' என்பதா என்று ஏற்கனவே முடிவாகியிருக்கும். அதற்குப் பிறகு அவள் இரசாயனத்தில் பட்டம் எடுத்தாலும் சரி, எட்டாம் வகுப்போடு நின்றாலும் சரி, வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதைக்கும்போது அதே 'இரிக்கு'தான் வரும். மூதூரில் பிறந்து வைத்தியரான ஒருவர் அம்மாவோடு தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாட்டில் கதைக்கும் அதே ஆளா என்று சந்தேகம் வரும்.

ஆனால் படித்தவர்கள் எல்லாரும் ஒரு மாதிரிச் சுத்தமாகக் கதைக்கிறார்களே?

மேடையில் கதைக்கிறார்கள். வானொலியில் கதைக்கிறார்கள். அது எழுத்துத் தமிழை வாயால் சொல்வது. அதை எல்லாரும் பள்ளிக்கூடத்தில்தான் பழகுகிறோம்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. எழுத்துத் தமிழ் யாருக்கும் தாய்மொழி இல்லை. உலகில் எந்த ஊரிலும் ஒரு தாய் பிள்ளையைப் பார்த்து 'நீ உணவு உண்டாயா' என்று கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் வீட்டிலும் கேட்பதில்லை, மதுரைப் புலவர் வீட்டிலும் கேட்பதில்லை. மொழியியலில் இதை இரட்டை வழக்கு என்பார்கள்: ஒரே மொழிக்கு வீட்டுக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று. ஆகவே முதலாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு புது வடிவத்தைத்தான் கற்கத் தொடங்குகிறார்கள். பிறகு அந்த எழுத்துத் தமிழை யார் எவ்வளவு பழகினார்கள் என்பது புத்தகம், ஆசிரியர், நூலகம், வீட்டு வசதி எல்லாவற்றையும் பொறுத்தது. மூளையின் அளவு அதில் தெரியாது.

திருமலைக்கென்று ஒரு பேச்சு இருக்கிறதா?

ஒன்று இல்லை, பல. நகரத்துத் தமிழர் பலரின் பேச்சில் யாழ்ப்பாணச் சாயல் இருக்கும். குச்சவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு மாதிரி. கிண்ணியா, தோப்பூர், புல்மோட்டை முஸ்லிம்களுக்கு அவரவர் ஓசை. தம்பலகாமத்து வயல் பேச்சு வேறு. தெற்கே மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று போகப் போக மட்டக்களப்பு நெருங்கி வரும். 'பிறகு' மெல்ல 'மறுகா' ஆகும், 'திரும்பு' 'கிறுகு' ஆகும், 'எழும்பு' 'ஒழும்பு' ஆகும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அவர்கள் பேச்சையும் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு சின்ன மாவட்டத்தில் ஏன் இவ்வளவு வேறுபாடு? நடுவில் தண்ணீர் கிடக்கிறது. கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் போவது லேசில்லை. கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009 ஒக்டோபரில்தான். அதற்கு முன்னர் படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். மூதூர் ஆட்கள் லாஞ்சில் வருவார்கள். கடைசி லாஞ்ச் போய்விட்டால் நகரத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டில்தான் படுக்கை. போக்குவரத்துக் குறைந்தால் பேச்சு அந்தந்தக் கரையில் தங்கிவிடும். அப்புறம் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளும் இடப்பெயர்வும். ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போது இந்தத் தண்ணீரையும் இந்தச் சாவடிகளையும் கேட்டுத்தான் சிரிக்கிறோம்.

யாழ்ப்பாணத் தமிழ்தான் சுத்தமான தமிழ் என்கிறார்களே?

யாழ்ப்பாணத் தமிழ் அருமையான தமிழ், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இவன், அவன் என்ற இரண்டுக்கும் நடுவில் 'உவன்' என்று ஒரு சொல் அங்கே இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது; தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த உகரச் சுட்டு இல்லாமல் போய்விட்டது. யாழ்ப்பாணத்தார் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே அளவுகோலை எல்லாருக்கும் வைக்க வேண்டும். செக் நாட்டில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் 1960களில் ஈழத்துப் பேச்சு வழக்குகளை ஆராய்ந்து எழுதினார். பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கு என்பது அவர் கருத்து. எங்கள் கொட்டியாரப் பேச்சுக்கு அண்டை வீடு அது. ஏட்டுத் தமிழுக்கு அடுத்து நிற்கும் பேச்சைத்தான் 'காட்டுக் கதை' என்று சொல்லி வந்திருக்கிறோம்.

இன்னொன்று. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும்: 'மளை', 'பளம்'. சென்னையில் ஒரு பகுதியினர் அதையே யகரமாக்கி 'பயம்' என்கிறார்கள். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான், சொல்லக் கடினமான ஒரு ஒலியைப் பக்கத்து ஒலிக்கு நகர்த்தினார்கள். யாழ்ப்பாணத்தவரை யாரும் அதற்காகப் படியாதவர் என்று சொன்னதில்லை. சென்னைச் சேரி மக்களைச் சொல்கிறார்கள். ஒலியில் குற்றம் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேசுகிற ஆளின் காணி, காசு, சாதி, ஊரின் செல்வாக்கு, அங்கே எத்தனை பழைய கல்லூரி இருந்தது என்பவற்றைப் பார்த்துவிட்டுத்தான் காது தீர்ப்புச் சொல்கிறது.

திசைச்சொல் என்று ஒரு வகையையே இலக்கணத்தில் வைத்தவர்கள் நாங்கள். பன்னிரண்டு நிலத்துச் சொற்களையும் செய்யுளுக்குரிய சொல்லாக ஏற்றுக்கொண்டது தொல்காப்பியம். அந்த மனம் எங்கே போனது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, அப்படியானால் நாங்களும் யாழ்ப்பாணத்தாரின் 'வருகினம், போகினம்' கேட்டுச் சிரிக்கலாமா?

வேண்டாம். கொழும்பிலும் சென்னையிலும் அவர்களும் இதே சிரிப்பை வாங்குகிறார்கள். ஈழத்துத் தமிழைக் கேட்டவுடன் 'மலையாளமா?' என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். 'கதிரை', 'சப்பாத்து' என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். அவை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். 'கந்தோர்' ஒல்லாந்தருடையது. எங்கள் கோட்டையில் மாறி மாறிக் கொடி ஏற்றியவர்கள் எங்கள் வாயிலும் நாலு சொல் வைத்துவிட்டுப் போனார்கள்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களின் தமிழ் 'கொச்சை' என்பது சரியா?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கோபம் வரும். கோபத்தை அடக்கிக்கொண்டு மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதுவேன்: நோன்பு, தொழுகை, ஆணம்.

நோன்பும் தொழுகையும் பழந்தமிழ்ச் சொற்கள். சைவர்கள் நாங்கள் 'விரதம்' என்கிறோம், அது வடசொல். அரபு மொழியில் வேதம் ஓதும் மக்கள் தங்கள் அன்றாட வணக்கத்துக்கும் பசியிருத்தலுக்கும் தமிழ்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். 'ஆணம்' குழம்புக்கான பழைய சொல். தமிழ் அகராதிகளில் இருக்கிறது, எங்கள் சமையலறையில் இல்லை, அவர்கள் சமையலறையில் இருக்கிறது. வாப்பா, உம்மா என்று உறவுப் பெயர்கள் வேறாக இருப்பதும், ஓசை வேறாக இருப்பதும் உண்மை. அதை வைத்துத் தமிழைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வது அறியாமை.

என் வகுப்பில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். யாப்பிலக்கணத்தை அவளைப்போலப் பிடித்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெண்பாவுக்குத் தளை தட்டுகிறதா என்று காதாலேயே சொல்லிவிடுவாள். ஆனால் வாசிக்க எழும்பினால் பின்வாங்கில் இருந்து யாரோ அவள் ஓசையைத் திருப்பிச் சொல்வார்கள். நான் அதை நிறுத்தினேன். நிறுத்த எனக்கு இரண்டு தவணை எடுத்தது, அந்த இரண்டு தவணையும் அவளுக்குப் போனது போனதுதான்.

கரையோர வேடர் பிள்ளைகளைப் பற்றி யாரும் கதைப்பதில்லையே?

உண்மை. மூதூர்க் கிழக்கிலிருந்து வெருகல் வரையும், அதற்குத் தெற்கே மட்டக்களப்பு வரையும் கரையோர வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் வீட்டு மொழி தமிழ். பலர் கடலையும் காட்டையும் வயலையும் நம்பி வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பேசும்போது ஓசையை மட்டும் வைத்து அல்ல, பெயரை வைத்தும் தீர்ப்பு வந்துவிடும். காட்டுத் தேன் எந்த மாதத்தில் எந்தப் பூவிலிருந்து வரும் என்று பத்து வயதில் சொல்லக்கூடிய பிள்ளையிடம் அந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை.

இதெல்லாம் உண்மையாகவே நடக்கிறதா? நீங்கள் கூடுதலாக நினைக்கிறீர்களா?

நடக்கிறது. உலகத்தில் பல இடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கனடாவின் மொன்றியல் நகரத்தில் வாலஸ் லாம்பேர்ட் என்ற உளவியலாளர் தன் குழுவோடு செய்து 1960இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்போனது. ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகத் தெரிந்த சிலரை ஒரே பந்தியை இரண்டு மொழியிலும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கேட்ட மாணவர்களுக்கு ஒரே ஆள்தான் இரண்டு தரம் வருகிறார் என்று தெரியாது. ஒவ்வொரு குரலுக்கும் உரியவர் எப்படிப்பட்டவர் என்று புள்ளி போடச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் வாசித்தபோது அதே ஆள் கூடப் புத்திசாலி, கூட அழகு, கூட உயரம் என்று வந்தது. ஒரு மனிதரின் உயரம் மொழியை மாற்றினால் கூடுமா? அங்கே அப்போது ஆங்கிலம் பேசியவர்கள் கையில் காசும் உத்தியோகமும் இருந்தன, அதுதான் காரணம். என்னை அதிகம் வருத்தியது இதற்கு அடுத்த முடிவு. பிரெஞ்சு பேசும் மாணவர்களும் பிரெஞ்சுக் குரலுக்குக் குறைவாகத்தான் போட்டார்கள். தன் வீட்டு ஓசையைத் தானே தாழ்வாக நினைக்கப் பழகிவிட்டார்கள். எங்கள் பெற்றோர் சிலர் 'எங்கட கதை சரியில்லை ரீச்சர்' என்று சொல்லும்போது எனக்கு மொன்றியல் ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு விரிவுரையின் ஒலிப்பதிவைக் கொடுத்தார்கள். குரல் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருடையது. ஒரு கூட்டத்துக்கு வெள்ளைப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள், மற்றக் கூட்டத்துக்கு ஆசியப் பெண்ணின் படத்தை. ஆசியப் படத்தைப் பார்த்தவர்கள் உச்சரிப்பு வித்தியாசமாக இருக்கிறது என்றார்கள். பாடத்தையும் குறைவாகவே விளங்கிக்கொண்டார்கள். குரல் ஒன்றுதான். 'அவர் கதைப்பது விளங்கவில்லை' என்று சொல்பவர் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. விளங்காது என்று முதலே முடிவெடுத்துவிட்ட காதுக்கு உண்மையாகவே விளங்காமல் போய்விடுகிறது.

சும்மா பகிடிதானே, இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?

என் கதையைச் சொல்கிறேன். உயர்தரம் முடித்து வேறொரு மாவட்டத்துக்குப் படிக்கப் போனேன். முதல் கிழமை, ஒரு சிறு வகுப்பு. விரிவுரையாளர் ஒரு செய்யுளுக்குப் பொருள் கேட்டார். எனக்குத் தெரியும். எழும்பிச் சொல்லிக்கொண்டு போனேன், நடுவில் 'மறுகா' என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்து, 'எந்தக் காட்டிலிருந்து வாறீர்?' என்று கேட்டார். நான் பொருளைச் சொல்லி முடிக்கவில்லை. இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. தெரிந்த கேள்விக்கும் கை தூக்கவில்லை. வாய் திறக்காத பிள்ளையை ஆசிரியர் என்ன நினைப்பார்? ஒன்றும் தெரியாது என்று நினைப்பார். வருட இறுதிப் பரீட்சையில் எழுத்துப் புள்ளி வந்தபோது அதே ஆள் என்னைப் பார்த்து 'நீரா?' என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். நான் ஆசிரியராகி மூன்றாம் வருடம் ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பையன் ஒருவன் வகுப்பில் என் சொல்லையே, அந்த 'மறுகா'வையே, சொன்னான். நான் அவசரமாக, 'அந்தச் சொல்லை இங்கே பாவிக்காதே' என்றேன். அவனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அவன் அந்தத் தவணை முழுக்க ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொன்னான். எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்துவிட்டேன் என்று விளங்க நாள் எடுத்தது. விளங்கியபோது அவன் குடும்பம் இடம் மாறிப் போய்விட்டது.

ஆகவே பகிடியைப் பெரிதுபடுத்தத்தான் வேண்டும். பகிடி பிள்ளையை மௌனமாக்கும், மௌனத்தை மக்குத்தனம் என்று எடுத்துக்கொள்வோம், அப்புறம் அவனிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவோம். கேள்வி கேட்கப்படாத பிள்ளை உண்மையாகவே பின்தங்கும். கடைசியில் 'பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே' என்போம்.

திருகோணமலையை அரசாங்கமே 'கல்வியில் பின்தங்கிய மாவட்டம்' என்று சொல்கிறதே?

பல்கலைக்கழக அனுமதி விதிகளில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். அந்தப் 16இல் திருகோணமலை இருக்கிறது. யாழ்ப்பாணமும் இருக்கிறது. அனுராதபுரமும் இரத்தினபுரியும் இருக்கின்றன.

அந்தச் சொல் வசதிகளைக் குறிக்கிறது: ஆய்வுகூடம், கணித விஞ்ஞான ஆசிரியர், யுத்தத்தில் மூடிக்கிடந்த பள்ளிக்கூடங்கள். மனிதரின் அறிவைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் சனத்தின் வாயில் 'பின்தங்கிய மாவட்டம்' என்பது 'பின்தங்கிய ஆட்கள்' ஆகிவிடுகிறது, அதற்கு எங்கள் ஓசை சாட்சியாகிவிடுகிறது.

தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றில் குறிக்கப்படுவது 1895இல் வந்த மோகனாங்கி. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருமலைக்காரர். கிழக்கின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் அவர் பணி செய்திருக்கிறார். இதை நான் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தங்கள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் பிள்ளையின் தமிழை ஆசிரியர் திருத்தவே கூடாதா?

எழுத்தைத் திருத்துங்கள், கண்டிப்பாகத் திருத்துங்கள். ல, ள, ழ மயங்கி எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுங்கள். ஒலியில் வேறுபாடு இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு 'பழம்' என்று எழுதக் கூடுதலான பயிற்சி வேண்டும், அதைக் கொடுங்கள். அது இல்லாமல் விட்டால் பரீட்சையில் அந்தப் பிள்ளைதான் நட்டப்படும்.

பேசும்போது மட்டும் நடுவில் வெட்டாதீர்கள். வசனத்தை முடிக்க விடுங்கள், சொன்ன விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள். நான் இப்போது செய்வது இதுதான்: பிள்ளை 'மறுகா அவன் கிறுகிப் பாத்தான்' என்றால், 'ஓம், ஏன் அப்படிப் பார்த்தான்?' என்று கதையைத் தொடர்வேன். பிறகு கரும்பலகையில் இரண்டு வரி எழுதுவேன், ஒன்று அவள் சொன்னபடி, மற்றது 'பின்னர் அவன் திரும்பிப் பார்த்தான்' என்று. வீட்டில் இது, ஏட்டில் இது. பிள்ளைகள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தரம், உங்கள் வீட்டுச் சொற்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். சிலர் அப்பியாசக் கொப்பி நிறையக் கொண்டுவந்தார்கள். 'பறைதல்' என்று ஒரு பையன் கொண்டுவந்தான், கதைப்பதற்கு அவன் பெத்தாச்சி சொல்லும் சொல்லாம். மலையாளத்தில் இன்றைக்கும் அதுதான் சொல் என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர்கள் ஊர்ப் பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்து வதைக்கிறார்கள். என்ன செய்யலாம்?

அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. உடலுக்கு மட்டுமல்ல, மனதுக்கு வரும் காயமும் வேதனையும் அச்சமும் அதற்குள் அடங்கும். நாள், நேரம், இடம், சொன்ன சொல் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒரு விரிவுரையாளரிடம் போங்கள். தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம்.

அரச கந்தோர் ஒன்றில் ஊரையோ மொழியையோ காட்டி ஓரங்கட்டினால், அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் மொழியும் பிறந்த இடமும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அது விசாரணையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 'உச்சரிப்பு' என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆகவே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் எங்கள் ஓசையில் பேசினாலும் இதே கதைதானே?

அங்கே இன்னும் கடுமை. இலங்கையில் 'நொட்', 'பொட்' என்ற ஆங்கிலச் சொற்களின் உயிரொலியைக் கொழும்பு மேட்டுக்குடிபோலச் சொல்லாதவர்களைக் கேலி செய்ய அந்த இரண்டு சொல்லையே பட்டப்பெயராக்கி வைத்திருக்கிறார்கள். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', வாள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர்.

'இஸ்கூல்' என்று ஒருவர் சொன்னால் உடனே சிரிப்பு. தமிழில் மெய்க்கூட்டத்தில் சொல் தொடங்காது, ஆகவே நாக்கு முன்னால் ஒரு இகரத்தை வைக்கிறது. 'லாபம்' என்பதை 'இலாபம்' என்றும் 'ராமன்' என்பதை 'இராமன்' என்றும் எழுதும்போது நாங்கள் செய்வதும் இந்த இகரத்தை வைப்பதுதான், நன்னூல் படித்தவர்கள் அதைச் சரி என்பார்கள். ஏட்டில் வந்தால் இலக்கணம், வாயில் வந்தால் படிப்பில்லாதவன்.

சிங்களத்தில் இது சிரிப்போடு நின்றதில்லை. 1983 கலவரத்தில் வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொல்லி, முதல் ஒலி பிசகியவர்களைத் தமிழர் என்று பிடித்ததைப் பலர் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. ஓசையை வைத்து மனிதரை அளப்பது எவ்வளவு தூரம் போகும் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

என் மகள் கொழும்பில் ஒரு வங்கிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறாள். எப்படிக் கதைக்கச் சொல்லட்டும்?

அவள் கதைக்கிறபடியே, கொஞ்சம் ஆறுதலாக. கேட்பவருக்குத் தெரியாத சொல்லுக்குப் பதிலாகத் தெரிந்த சொல்லைப் போடுவது மரியாதை. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை, கொழும்பார் இங்கே வந்தால் அவர்களும் அதைச் செய்யத்தான் வேண்டும். வேறு ஊர் ஓசையில் நடிக்கச் சொல்லாதீர்கள். நடிக்கத் தொடங்கினால் பாதிக் கவனம் நாக்குக்குப் போய்விடும், கேள்விக்கு மிச்சம் பாதிதான். வீட்டில் ஐந்தாறு கேள்விக்குப் பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். உங்களோடு வேண்டாம், அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவரோடு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு கோரிக்கை. எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பதில் முடிந்தவுடன், பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முன்னர், புள்ளியை எழுதுங்கள். 'பேச்சுத் திறன்' என்று ஒரு கட்டம் இருந்தால், விளங்கியதா என்பதற்கு மட்டும் அதில் புள்ளி போடுங்கள்.

அந்தத் தாய் கேட்டுவிட்டுப் போன பிறகு மகள் பின்னேரம் தனியாக வந்தாள். 'ரீச்சர், அவசரத்தில மறுகா எண்டு வந்திட்டா?'

வந்தால் வரட்டும், வசனத்தை முடித்துவிட்டு வா என்றேன்.